மனை, மன்றம், பிழைப்பு: நகர்ப்புற எளியோர் குடியிருப்பு மேம்பாட்டில் மக்கள் பங்கேற்பு – வைட்ஃபீல்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பெங்களூரு மாநகரின் கிழக்குப் பகுதியில், சென்னை செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்துள்ளது வைட்ஃபீல்ட். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களால் இன்று அறியப்படும் இவ்வூர், 1882இல் ஒரு சமூகத்தாரின் சங்கம் தம்முள் எளியோருக்கென நிலம் பெற்று உருவாக்கிய குடியிருப்பு என்பது பரவலாக அறியப்படாத செய்தியாகும். அதே வட்டாரத்தில் இன்று கட்டடத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் குப்பை பிரிப்போரும் தகரத்தாலும் தார்ப்பாயாலும் ஆன கொட்டகைகளில் வாழ்ந்து வருகின்றனர். ஒரே நிலப்பரப்பில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் அமைந்த இவ்விரு குடியிருப்புகளும் எளியோர் வீட்டுவசதி குறித்து ஒரு வினாவை எழுப்புகின்றன. குடியிருப்பை மேம்படுத்துவதில் மக்கள் பங்கேற்பு எந்நிலையில் பயன்தருகிறது, எந்நிலையில் வெறும் சொல்லாக நின்றுவிடுகிறது என்பதே அவ்வினா. வைட்ஃபீல்ட், சென்னை, கொழும்பு, பெங்களூரு ஆகிய இடங்களின் பட்டறிவைக் கொண்டு இதற்கு விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேரியும் கேரியும்

இப்பொருளை ஆராய்வதற்கு முன், அது வழங்கப்பெறும் சொற்களை நோக்குதல் தகும். 'சேர்' என்னும் வினையோடு தொடர்புடைய 'சேரி' என்னும் சொல், பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைப் பொதுவாகக் குறித்தது. மதுரை நகருக்குப் புறத்தே கோவலனும் கண்ணகியும் தங்கியதைக் கூறும் சிலப்பதிகாரப் பகுதி 'புறஞ்சேரி இறுத்த காதை' எனப் பெயர் பெற்றுள்ளது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பிரமதேய ஊர்களின் உட்பிரிவுகளும் 'சேரி' என்றே வழங்கப்பட்டன. இழிவுப் பொருளோ வறுமைப் பொருளோ இச்சொல்லுக்குத் தொடக்கத்தில் இல்லை.

இதன் இனச்சொல் கன்னடத்தில் 'கேரி' என வழங்குகிறது. கன்னடக் ககரம் தமிழில் முன்னுயிரின் முன் சகரமாதல் திராவிட மொழியியலார் நன்கறிந்த மாற்றமாகும். கிவி – செவி, கேரி – சேரி என்பன அதற்குச் சான்றுகள். கன்னடத்தில் 'கேரி' தெரு என்னும் பொதுப்பொருளை இன்றும் இழக்கவில்லை. ஆயினும் அழுக்கைக் குறிக்கும் 'கொளெ' என்பதோடு சேர்ந்து 'கொளகேரி' என்றாகும்போது குடிசைப் பகுதியைக் குறிக்கிறது.

அரசு நிறுவனங்களின் பெயர்களிலும் இத்தகைய மாற்றங்களைக் காணலாம். 1970இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கர்நாடகத்தில் 1975இல் அமைந்த வாரியம் முதலில் 'கொளச்செ நிர்மூலனா மண்டளி' எனப்பட்டது. பின்னர் 'கொளகேரி அபிவிருத்தி மண்டளி' ஆயிற்று. மாற்றுதல், நிர்மூலம் செய்தல் என்னும் சொற்கள் நீங்கி, மேம்பாடு, அபிவிருத்தி என்னும் சொற்கள் அவ்விடத்தைப் பெற்றன. சொல் மாறியதற்கு ஏற்ப முடிவெடுக்கும் உரிமையும் இடம் மாறியதா என்பதே ஆராயத்தக்கது.

மனையுடையார் மன்றம்

குடியிருப்போர் தம் ஊரின் காரியங்களைத் தாமே நடத்துதல் தமிழகத்திற்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முப்பது குடும்புகளாகவும் பன்னிரண்டு சேரிகளாகவும் பகுக்கப்பட்ட ஊரில் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததை விரிவாகக் கூறுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியன இவ்வாறு அமைந்தன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதோர் மீண்டும் உறுப்பினராதல் இயலாது என்னும் விதி இன்றைய அமைப்புகளும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

எனினும் இம்மன்றத்தில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை. வேதக் கல்வியோடு, இறை செலுத்தும் கால் வேலி நிலத்திற்கு மேல் உடைமையும், தன் சொந்த மனையில் வீடு கட்டி வாழ்தலும் தகுதிகளாக வகுக்கப்பட்டன. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளோ, ஊர்களின் வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு ஆகியவற்றைச் சேர்த்தே கூறுகின்றன. இறை நீங்கிய இடத்தில் வாழ்ந்தோர்க்கு இறைநிலத்தைத் தகுதியாகக் கொண்ட மன்றத்தில் இடமில்லை என்பது இதனால் விளங்கும். உத்திரமேரூரில் மன்றத்தின் உறுப்பாயிருந்த 'சேரி', மற்றோரிடத்தில் மன்றத்திற்குப் புறமானவரின் வாழ்விடமாயிற்று.

பத்தாம் நூற்றாண்டின் பிரமதேய சபைக்கும் இருபதாம் நூற்றாண்டின் குடிசை வாரியத்திற்கும் நேர்த்தொடர்பு கூறுதல் பொருந்தாது. ஆயினும் மனையுரிமையே மன்றத்திற்குள் செல்லும் வாயில் என்னும் உண்மை இரு காலங்களிலும் காணப்படுகிறது.

வைட்ஃபீல்ட்: 1882

டி.எஸ். வைட் என்பவர் ஆங்கிலோ இந்தியச் சமூகத்தின் முன்னேற்றத்திற்காகத் தென்னிந்தியாவில் சங்கம் கண்டவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சமூகத்தார் பெரிதும் அலுவலகங்கள், தந்தி, இருப்புப்பாதை ஆகியவற்றின் கீழ்நிலைப் பணிகளையே சார்ந்திருந்தனர். பணி இழந்தோர்க்கும் வருவாய் குறைந்தோர்க்கும் உழுதுண்டு வாழும் தற்சார்புக் குடியிருப்புகளை அமைத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. 1882இல் மைசூர் மன்னர் பத்தாம் சாமராச உடையார் அச்சங்கத்திற்கு 3,900 ஏக்கர் நிலத்தை வேளாண் குடியேற்றங்களுக்காக வழங்கினார். வைட்டின் பெயராலேயே ஊர் வைட்ஃபீல்ட் எனப்பட்டது. நடுவில் பொதுவெளி, அதனைச் சூழ்ந்து வட்டமாகச் செல்லும் தெருக்கள் என அதன் மனைப்பிரிவு அமைந்தது. உள்வட்டம், வெளிவட்டம் என்னும் தெருப்பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

இங்கு மனையும் இருந்தது. சங்கம் என்னும் மன்றமும் இருந்தது. நிலத்தைக் கேட்டுப் பெற்றவரும் பயன்பெற்றவரும் ஒரே சமூகத்தார். ஆயினும் ஊர் எதிர்பார்த்தவாறு வளரவில்லை. அலுவலகப் பணியில் பழகியோர்க்கு வேளாண்மை கைவந்த தொழிலன்று. அவர்கள் அறிந்த வேலைகளோ தொலைவிலுள்ள தண்டுப் பகுதியிலும் கோலார் தங்கவயலிலும் இருப்புப்பாதைப் பணிமனைகளிலும் இருந்தன. எனவே நூறாண்டு அளவும் வைட்ஃபீல்ட் ஓய்வு பெற்றோர் விரும்பி வாழும் சிற்றூராகவே நிலைத்தது. மனையும் மன்றமும் அமைந்தும் பிழைப்பு அமையாத குடியிருப்பு பெருகாது என்பதற்கு இஃது ஒரு தொடக்கச் சான்றாகும்.

சென்னை: பட்டியலும் பட்டாவும்

பிழைப்பிடத்தை அடுத்து மக்கள் தாமே குடிசையமைத்துக்கொண்ட நகரம் சென்னை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றுதல் சட்டத்தின்படி அந்நகரில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. ஏழாண்டுகளில் அனைத்துக் குடிசைகளையும் அகற்றி அடுக்குமாடி வீடுகள் கட்டித்தருதல் வாரியத்தின் தொடக்க இலக்காக இருந்தது. குடும்பங்கள் அதே இடத்தில் அல்லது அருகில் வீடு பெற்றது இத்திட்டத்தின் சிறப்பாகும். ஆனால் ஒரு வீட்டிற்கான செலவு மிகுதியாகையால், இலக்கிற்கும் நிறைவேற்றத்திற்கும் இடையே இடைவெளி பெருகிற்று.

உலக வங்கியின் கடனுதவியோடு 1977இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டமும், 1980இல் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டமும் வேறு வழியை மேற்கொண்டன. குடிசைகளை இடிக்காது, அவை இருந்த இடத்திலேயே தெரு, குடிநீர், கழிப்பிடம், விளக்கு ஆகியவற்றை அமைத்து, மனையைத் தவணை முறையில் குடும்பத்திற்கே விற்றல் ஒரு கூறாகும். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அடிப்படை வசதிகளோடு மனைகளைப் பிரித்துத் தந்து, வீட்டை அவரவர் வருவாய்க்கேற்பக் கட்டிக்கொள்ளச் செய்தல் மற்றொரு கூறாகும். பெரு நாட்டுக் குடியிருப்புகளை ஆராய்ந்த ஜான் டர்னர் போன்றோர், வீடு கட்டும் முடிவுகள் குடியிருப்போர் கையில் இருத்தல் வேண்டும் என்று வாதிட்ட காலம் அது. மனை உறுதியானால் குடும்பம் தன் சேமிப்பை வீட்டில் இடும் என்னும் அவர்தம் கருத்துக்கு இவ்விடங்கள் சான்றாயின. ஓலைக்கூரை ஓட்டுக்கூரையாகவும், பின்னர் மாடிவீடாகவும் மாறியதை இம்மனைப்பிரிவுகளில் காணலாம்.

ஆனால் மன்றம் வலுப்பெறவில்லை. வாரியத்தில் சமூக வளர்ச்சிப் பிரிவு ஒன்று ஏற்படுத்தப்பட்டபோதிலும், எங்கு எவ்வளவு செலவிடுவது, எந்தப் பகுதியைத் தேர்வது என்னும் முடிவுகள் அலுவலர்களிடமே இருந்தன. இதன் விளைவு பின்னர்த் தெரிந்தது. 1985இல் மேலும் 17 பகுதிகள் அறிவிக்கப்பட்டபின், சென்னையில் புதிதாக எப்பகுதியும் சட்டப்படி அறிவிக்கப்படவில்லை. அறிவிக்கப்படாத பகுதிகள் நீர்நிலைக் கரைகளிலும் சாலையோரங்களிலும் பெருகின. அவற்றில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய புறநகர்க் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. அங்குக் கூரை கிடைத்தது. அன்றாட வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பழைய இடத்தில் தங்கின. பட்டியலில் பெயர் சேர்க்கக் கேட்கும் வலிமையுடைய மன்றம் இல்லாதோர், மனையையும் பிழைப்பையும் ஒருங்கே இழக்க நேரிட்டது எனலாம்.

கொழும்பு: ஒப்பந்தக்காரராகிய குடியிருப்போர்

மூன்றும் ஓரளவு ஒன்றுகூடிய சூழலைக் கொழும்பில் காணமுடிகிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் கலந்து வாழும் 'தோட்டம்' எனப்படும் நெருக்கக் குடியிருப்புகளும் சேரிகளும் அந்நகரின் மக்கள்தொகையில் பெரும்பகுதியைக் கொண்டவை. அன்றைய பிரதமர் ஆர். பிரேமதாச 1980இல் ஐக்கிய நாடுகள் அவையில் முன்மொழிந்ததன் பயனாக 1987ஆம் ஆண்டு வீடற்றோர்க்கான உறைவிட ஆண்டாக அறிவிக்கப்பட்டது. இலங்கையில் 1984 முதல் 1989 வரை நடைபெற்ற பத்து இலட்சம் வீடுகள் திட்டம், வீட்டை அரசு கட்டித்தருவதற்கு மாறாக, மக்கள் கட்டுவதற்கு அரசு துணைநிற்றல் என்பதைக் கொள்கையாகக் கொண்டது.

இத்திட்டத்தின் நகர்ப்புறப் பகுதியைத் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை நடத்தியது. குடியிருப்புதோறும் சமூக அபிவிருத்தி மன்றங்கள் செயற்பட்டன. அலுவலரும் குடியிருப்போரும் ஓரிரு நாள் ஒன்றாக அமர்ந்து, சந்தின் அகலம் எவ்வளவு, மனையெல்லை எது, எவ்வசதி முதலில் வேண்டும் என்பனவற்றை முடிவு செய்தனர். நகரின் பொதுக் கட்டட விதிகள் வசதியுள்ளோரின் மனைகளுக்கென வகுக்கப்பட்டவை. சிறுமனைகளுக்கு அவை பொருந்தா. எனவே அந்தந்தக் குடியிருப்பிற்கென்று தனிவிதிகளை மக்களே வகுத்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது.

இதனினும் முதன்மையானது சமூக ஒப்பந்த முறையாகும். பொதுப்பணிகளை வெளி ஒப்பந்தக்காரருக்குத் தருவதற்கு மாறாக, மன்றத்திற்கே ஒப்பந்தம் அளித்தல் இம்முறை. முதல் ஒப்பந்தம் 1986இல் கொழும்பின் வனாத்தமுல்லவில் வழங்கப்பட்டது. வேலை செய்தோர் அவ்விடத்தாரே; பணியின் தரத்தைக் கண்காணித்தோரும் அதனைப் பயன்படுத்தப்போகிறவரே; கிடைத்த ஊதியமும் இலாபமும் அக்குடியிருப்பிலேயே தங்கின. உழைப்பை இலவசமாகத் தருதலே பங்கேற்பு எனக் கருதப்பட்டு வந்த நிலையில், ஊதியமும் கணக்கும் பொறுப்பும் கைக்கு வருதலே பங்கேற்பு என்பதை இம்முறை நிறுவியது. பின்னர்ப் பிற நாடுகளிலும் இது பின்பற்றப்பட்டது.

ஆயினும் கொழும்பின் வரலாறு அங்கு முடியவில்லை. 2010க்குப் பின் மேற்கொள்ளப்பட்ட நகரப் புத்துருவாக்கத் திட்டத்தில், நிலத்தை விடுவித்துக் குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றுதல் நோக்கமாயிற்று. முதல் சமூக ஒப்பந்தம் கண்ட வனாத்தமுல்லவின் குடும்பங்களும் இதற்கு உட்பட்டன. மன்றம் உயிர்ப்போடு இருந்த காலத்தில் மனையுரிமை முழுமையாகப் பதிவு பெறாவிடின், பின்வரும் ஆட்சியில் அம்மன்றத்தின் சொல் எடுபடுவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

பெங்களூரு: ஆவணமும் குடிநீர்க் குழாயும்

பெங்களூருவின் தண்டுப் பகுதி 1809 முதல் வளர்ந்தது. படையைச் சார்ந்தும் கட்டடப் பணியைச் சார்ந்தும் வந்த தமிழர் அல்சூர், சிவாஜி நகர் முதலிய இடங்களில் குடியேறினர். 1898இல் கொள்ளைநோய் பரவியபின் நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டுப் புதிய மனைப்பிரிவுகள் எழுந்தன. எளியோரோ நகரின் இடைவெளிகளில் தம் குடிசைகளை அமைத்துக்கொண்டனர். இப்பகுதிகளுள் பலவற்றில் தமிழ் பேசும் தலித் மக்கள் மிகுதியாக வாழ்ந்து வருகின்றனர்.

கர்நாடகக் குடிசைப் பகுதிகள் சட்டம் 1973இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டைப் போன்றே இங்கும் ஒரு பகுதி முறையாக அறிவிக்கப்பட்டால்தான் வாரியத்தின் பணிகள் அதனை எட்டும். நெதர்லாந்து அரசின் உதவியோடு 1993 முதல் 1999 வரை நடந்த பெங்களூரு நகர்ப்புற வறுமைத் திட்டம், பகுதிதோறும் வளர்ச்சிக் குழுக்களை அமைத்து மக்கள் பங்கேற்பை முதன்மைப்படுத்தியது. குழு அமைத்தல் எளிது. அதற்கு நிலையான நிதியும் நகராட்சியில் இடமும் தருதல் அரிது. வெளியுதவித் திட்டத்தின் ஆயுளே குழுவின் ஆயுளாகிவிடும் இடர் இங்கு வெளிப்பட்டது.

குறிப்பிடத்தக்க மாற்றம் குடிநீர் வழங்கலில் நிகழ்ந்தது. நில ஆவணம் இல்லாதோர்க்கு வீட்டு இணைப்பு இல்லை என்பதே பெங்களூரு குடிநீர் வாரியத்தின் நெடுநாளைய நிலை. 2000ஆம் ஆண்டையொட்டி, ஆஸ்திரேலிய உதவியோடு சிமெண்ட் ஹட்ஸ், சந்திரா நகர், சுதாம நகர் ஆகிய மூன்று பகுதிகளில் முன்னோடி முயற்சி மேற்கொள்ளப்பட்டது. பட்டாவிற்கு மாறாகக் குடும்ப அட்டை போன்ற குடியிருப்புச் சான்றுகள் ஏற்கப்பட்டன; இணைப்புக் கட்டணம் குறைக்கப்பட்டது; குடியிருப்போர் குழுக்கள் பணியில் இணைந்தன. பொதுக்குழாயில் காத்து நின்ற பெண்கள் தம் வீட்டு வாயிலில் நீர் பெற்றனர். மாதந்தோறும் வரும் கட்டணச் சீட்டு அவர்கள் அங்கு வாழ்வதற்குரிய ஆவணமாகவும் ஆயிற்று. இறை செலுத்துவோர் என்னும் நிலையே உரிமைக்கு முதற்படியாதலை இங்கும் காண்கிறோம்.

ஏறத்தாழ இதே காலத்தில் வெளிவரத் தொடங்கிய 'ஸ்லம் ஜகத்து' என்னும் கன்னட இதழ், குடிசைப் பகுதியினர் தம் சிக்கல்களைத் தாமே எழுதிய களமாகும். மன்றம் என்பது கூட்டம் மட்டுமன்று, எழுத்தும் ஆகும் என்பதற்கு இவ்விதழ் சான்று. எனினும் 2013 ஜனவரியில் ஈஜிபுராவில் வறியோர் குடியிருப்பு அகற்றப்பட்டு ஆயிரத்திற்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவிற்கு வந்தபோது, அரசே கட்டித்தந்த வீடும் உறுதியான உரிமையின்றி நிலையற்றதே என்பது புலனாயிற்று.

இன்றைய வைட்ஃபீல்ட்

1990களில் பன்னாட்டுத் தொழில்நுட்பப் பூங்கா அமைந்தபின் வைட்ஃபீல்டின் நிலை முற்றிலும் மாறியது. 2007இல் இப்பகுதி பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. 2023இல் மெட்ரோ இரயில் வந்து சேர்ந்தது. வைட் எதிர்பார்த்த உழவு வாராவிடினும், பிழைப்பு பெருகிற்று. கட்டடம் எழுப்பவும் வீடு துப்புரவு செய்யவும் குப்பை பிரிக்கவும் வட கர்நாடகம், மேற்கு வங்கம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர்.

இவர்களின் கொட்டகைகள் பலவும் தனியார் நிலத்தில், இடைத்தரகருக்கு மாதவாடகை செலுத்தி அமைக்கப்பட்டவை. வாடகை தருகின்றனர், ஆனால் அதற்கான ஆவணம் பெரும்பாலும் இல்லை. குடிசைப் பகுதியாக அறிவிக்கப்படாமையால் மேம்பாட்டுத் திட்டங்கள் அவர்களை எட்டுவதில்லை. வேறு மாநிலத்தார் என்பதால் வாக்குரிமையும் பெரிதும் சொந்த ஊரிலேயே உள்ளது. 2020 ஜனவரியில் வைட்ஃபீல்டை அடுத்த கரியம்மன அக்ரகாரத்தில் இத்தகைய கொட்டகைகள் இடிக்கப்பட்டபோது, கர்நாடக உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. 1882இல் மனையும் மன்றமும் இருந்து பிழைப்பு இல்லாத ஊர், இன்று பிழைப்பு மட்டும் இருந்து மனையும் மன்றமும் இல்லாதோரின் ஊராகவும் ஆகியுள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. மக்கள் பங்கேற்பு என்பது உழைப்பையும் தவணையையும் மக்களிடம் பெறுவது மட்டுமாயின், அது செலவுப் பகிர்வேயன்றிப் பங்கேற்பு ஆகாது. மனையுரிமை, முடிவெடுக்கும் மன்றம், அருகிலமைந்த பிழைப்பு ஆகிய மூன்றும் கூடியபோதே குடியிருப்புகள் தாமே மேம்பட்டுள்ளன. ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் நாளடைவில் தளர்கின்றன. ஒடிசா அரசு 2017இல் குடிசைவாழ் மக்களின் நில உரிமைக்கெனச் சட்டம் இயற்றி, குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொதுப்பணிகளை ஒப்படைத்தது, மனையையும் மன்றத்தையும் ஒருங்கே வழங்கும் முயற்சியாகக் கொள்ளத்தக்கது.

வைட்ஃபீல்டின் வாடகைக் கொட்டகைகளுக்கு உடனடியாகப் பட்டா வழங்குதல் எளிதன்று. ஆயினும் நில ஆவணம் கேளாமல் குடிநீர் வழங்க ஒரு வாரியம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே வழிகண்டுள்ளது. குடியிருப்புச் சான்று, குடிநீர், கணக்குக் காட்டும் பொறுப்புடைய குடியிருப்போர் சங்கம் என்னும் வரிசையில் தொடங்குதல் இயலும். மன்றத்தின் உறுப்பாகச் 'சேரி' விளங்கிய காலத்தை உத்திரமேரூர்க் கல்வெட்டு காட்டுகிறது. அன்று மனையுடையார்க்கு மட்டும் உரியதாயிருந்த அவ்விடத்தை, உழைத்து நகரை எழுப்புவோர் அனைவர்க்கும் உரியதாக்குதலே மேம்பாடு என்னும் சொல்லுக்கு ஏற்ற பொருளாகும்.